15 வயதில் கல்லூரி: சேர்ப்பதா, காத்திருப்பதா என்று யோசிக்கும் சேலத்துப் பெற்றோருக்கு

என் மகள் கல்லூரியில் கால் வைத்த நாளில் அவளுக்கு 15 வயது 10 மாதம். செப்டம்பரில் பிறந்தவளை நாலே முக்கால் வயதில் ஒரு தனியார் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்த்தோம். மூன்றாம் வகுப்பு முடிந்ததும், "இவளுக்கு நான்காம் வகுப்பில் கற்றுக்கொடுக்க எதுவும் இல்லை" என்று சொல்லி ஆசிரியர்கள் நேராக ஐந்தாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். அன்று எங்களுக்கு இருந்தது பெருமை மட்டுமே. அந்த ஒரு முடிவுக்கு எத்தனை அலுவலகங்களில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகளில் தவணை தவணையாகத்தான் தெரிந்தது.

சேலத்திலும் ஏற்காட்டிலும் இதே நிலையில் இருக்கும் பெற்றோர் அவ்வப்போது என்னிடம் விவரம் கேட்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, "பிள்ளையால் படிக்க முடியுமா?" என்பதுதான். பெரும்பாலும் முடியும், அதில் எனக்கு ஐயமில்லை. எந்தப் படிப்பின் வாசலில் எந்த வயதைக் கேட்கிறார்கள், அதற்குள் எந்தத் தாள் கையில் இருக்க வேண்டும், மிச்சமாகும் ஆண்டைப் பிள்ளை எதற்குப் பயன்படுத்தப் போகிறது என்பவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்து அலைந்ததை நீங்கள் நேராகச் செய்யலாம் என்பதற்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. கடைசி வாசலிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

ஒரு தாளை எடுத்துப் பிள்ளையின் பிறந்த தேதியை மேலே எழுதுங்கள். அதன் கீழே பத்தாம் வகுப்புத் தேர்வு, பிளஸ் டூ தேர்வு, கல்லூரிச் சேர்க்கை, பட்டம், அதன் பின் எழுத நினைக்கும் வேலைத் தேர்வு ஆகியவை ஒவ்வொன்றும் வரும்போது வயது எத்தனை ஆண்டு, எத்தனை மாதம் என்று குறியுங்கள். இந்தத் தாளைப் போட அரை மணி நேரம் போதும். நான் இதைப் போட்டதே மகள் பிளஸ் டூ படிக்கும்போதுதான்.

மருத்துவம் உங்கள் மனத்தில் இருந்தால் இந்தக் கணக்கு உடனே முடிந்துவிடும். எம்.பி.பி.எஸ். சேருவதற்கு, சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். நீட் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதே இந்த நிபந்தனை வந்துவிடும். பி.எஸ்சி. நர்சிங், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கும் இதே 17 வயது வரம்பு உண்டு. என் மகள் பிளஸ் டூ முடித்த ஆண்டின் டிசம்பர் 31 அன்று அவளுக்கு 16 வயது 3 மாதம். மருத்துவம்தான் வேண்டும் என்று அவள் நின்றிருந்தால், எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியின் வாசலில் ஓராண்டு காத்திருந்திருப்பாள். நான்காம் வகுப்பைத் தாண்டி மிச்சம் பிடித்த ஆண்டு அங்கேயே செலவாகியிருக்கும்.

பொறியியல் அப்படியல்ல. ஜே.இ.இ. தேர்வுக்குக் குறைந்தபட்ச வயது கிடையாது. பீகாரைச் சேர்ந்த சத்யம் குமார் 2013-இல் 13 வயதிலேயே அந்தத் தேர்வில் தேறிக் கான்பூர் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்விலும் தகுதியாகக் கேட்பது பிளஸ் டூ தேர்ச்சியையும் பாட மதிப்பெண்களையும்தான். கலை அறிவியல் படிப்புகளில் அந்தந்தப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் விதிதான் செல்லும். ஒரு பல்கலைக்கழகத்தில் இல்லாத வயது வரம்பு பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இருக்கலாம் என்பதைப் பணம் கட்டிய பிறகு தெரிந்துகொண்டவள் நான். அதைப் பிறகு சொல்கிறேன்.

வேலைத் தேர்வுகளையும் அதே தாளில் எழுதுங்கள். தமிழ்நாடு தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்கு 18 வயது வேண்டும். வங்கித் தேர்வுகளுக்கு 20. இந்திய ஆட்சிப் பணித் தேர்வுக்கு, தேர்வு நடக்கும் ஆண்டின் ஆகஸ்ட் 1 அன்று 21 நிறைந்திருக்க வேண்டும். என் மகள் 18 வயது 7 மாதத்தில் பட்டம் முடிப்பாள். ஆட்சிப் பணிதான் இலக்கு என்றால் அவளுடைய முதல் முயற்சிக்கு அதற்கு மேல் 3 ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில் முதுகலை படிக்கலாம் என்பது உண்மைதான். அந்தத் திட்டம் இப்போதே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

2. உண்மையில் எத்தனை ஆண்டு மிச்சமாகும் என்று பாருங்கள்

தமிழ்நாட்டில் 5 வயது நிறைந்து முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை 17 வயதில் பிளஸ் டூ முடிக்கும். அதைவிட விரைவாகப் போக ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டுத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்.ஐ.ஓ.எஸ்.ஸில் பதிவு செய்யலாம் என்று நினைக்கிறார்கள். அங்கே பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயதும், பன்னிரண்டாம் வகுப்புக்குச் சேர 15 வயதும் நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கும் இடையில் 2 ஆண்டு இடைவெளியும் கேட்கப்படும். ஆகவே அந்த வழியில் எவ்வளவு முயன்றாலும் பிளஸ் டூ சான்றிதழ் கைக்கு வரும்போது பிள்ளைக்கு 16 வயதாகியிருக்கும். பள்ளி நண்பர்கள், விளையாட்டு, ஆய்வகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நீங்கள் பெறுவது ஓராண்டு.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையாக இருந்தால் இழப்பு இன்னும் பெரிது. மருத்துவம், பொறியியல், சட்டம், வேளாண்மை போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறுவதற்கும் 6 முதல் 12 வரையிலான பள்ளிப் படிப்பையே கணக்கில் எடுக்கிறார்கள். ஓராண்டை மிச்சப்படுத்துவதற்காகப் பாதியில் திறந்தநிலைப் பள்ளிக்குப் போனால் இவை எல்லாம் கைவிட்டுப் போகும். அம்மாப்பேட்டையில் ஒரு தறிக்காரக் குடும்பத்தார் இந்த யோசனையோடு என்னைப் பார்க்க வந்தபோது, தயவுசெய்து பிள்ளையைப் பள்ளியை விட்டு எடுக்காதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

இன்னொரு வழி பாலிடெக்னிக். பத்தாம் வகுப்பு முடித்ததும் சேரலாம். சேலத்திலேயே தியாகராசர் பாலிடெக்னிக் போன்ற பழைய கல்லூரிகள் இருக்கின்றன. 3 ஆண்டு டிப்ளமோ முடித்துப் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். ஆனால் கூட்டிப் பாருங்கள்: பத்தாம் வகுப்புக்குப் பின் டிப்ளமோவுக்கு 3, பொறியியலுக்கு 3, மொத்தம் 6 ஆண்டு, பிளஸ் டூ வழியில் 2, பொறியியலுக்கு 4, அதுவும் 6 ஆண்டுதான். கையால் செய்து கற்கும் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு இது நல்ல வழி. காலத்தை மிச்சப்படுத்தும் வழி என்று எண்ணிச் சேர்க்காதீர்கள்.

பிளஸ் டூவே இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசுப் பணிக்குப் பத்தாம் வகுப்பு, மேல்நிலை அல்லது அதற்கு இணையான படிப்பு, அதன் பிறகு பட்டம் என்ற வரிசை வேண்டும். வரிசை மாறிய பட்டத்தை வைத்துக்கொண்டு பின்னால் தவிப்பவர்கள் ஏராளம்.

3. வகுப்பைத் தாண்டுவதென்றால் ஆறாம் வகுப்புக்கு முன்பே

இது நாங்கள் திட்டமிடாமல் தற்செயலாகச் சரியாகச் செய்த ஒன்று. பொறியியல் கலந்தாய்வில் 8 முதல் 12 வரை எங்கே படித்தீர்கள் என்று கேட்பார்கள். அரசு ஒதுக்கீடுகளில் 6 முதல் 12 வரை கேட்பார்கள். நான்காம் வகுப்பு எங்கே என்று எந்தக் கலந்தாய்விலும் கேட்கவில்லை. ஏழாம் வகுப்பையோ ஒன்பதாம் வகுப்பையோ தாண்டினால் ஒவ்வொரு சரிபார்ப்பிலும் அந்த ஓட்டைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

எப்போது தாண்டினாலும், பள்ளி அதை எழுத்தில் தர வேண்டும். எந்தத் தேதியில், எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்புக்கு, யார் அனுமதித்தார் என்று பள்ளி முத்திரையுடன் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் அது இல்லை. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் மாறிய பிறகு, பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துக் கடிதம் வாங்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

4. பத்தாம் வகுப்பில் வயதுத் தளர்வு ஆணை

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத 14 வயது நிறைந்திருக்க வேண்டும். நிறையாத மாணவருக்கு வயதுத் தளர்வு ஆணை வேண்டும். என் மகள் தேர்வு எழுதியபோது அவளுக்கு 13 வயது 8 மாதம்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்கிறேன். தேர்வர் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் சமயத்தில் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். அலுவலக அறையில் எழுத்தர் ஒரு நீளமான தாளை விரித்து வைத்திருந்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்களில் என் மகளின் பிறந்த தேதியை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். "அம்மா, இதற்கு ஆணை இல்லாமல் பெயரை ஏற்ற முடியாது, பத்து நாள்தான் இருக்கிறது" என்றார். அந்தப் பத்து நாளில் நான் சமையல் செய்ததாகவே நினைவில்லை.

நீங்கள் ஒன்பதாம் வகுப்பு முடிந்த ஜூன் மாதத்திலேயே தலைமையாசிரியரைப் பாருங்கள். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் கல்வித் துறை அலுவலகத்துக்குப் போக வேண்டும்; பெற்றோர் நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். எங்களிடம் கேட்டவை பெற்றோரின் விண்ணப்பக் கடிதம், தலைமையாசிரியரின் பரிந்துரை, பிறப்புச் சான்றிதழ் நகல், முந்தைய வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள் ஆகியவை. ஆணை கிடைத்ததும் ஐந்து நகல் எடுத்து, ஒன்றைப் பிளஸ் டூ பள்ளிக்கும் கொடுத்து, மூலத்தை வீட்டில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்த நாட்களில், "இதற்கெல்லாம் ஏன் அலைகிறீர்கள், பிறந்த தேதியை ஓராண்டு முன்னால் தள்ளிப் போட்டுவிடலாமே" என்று நல்ல எண்ணத்தோடேயே இரண்டு பேர் சொன்னார்கள். செய்யவே செய்யாதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகும் தேதிதான் பாஸ்போர்ட், வேலை, ஓய்வூதியம் வரை பிள்ளையோடு கூடவே வரும். பிறப்புச் சான்றிதழோடு அது ஒத்துப்போகாவிட்டால் பின்னால் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். ஒரு பொய்யைக் காப்பாற்றும் பொறுப்பையும் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டதாகும்.

5. சான்றிதழ்கள், செலவு, காலம்

பிளஸ் டூ முடிவுகள் மே மாதத்தில் வந்ததும் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பமும் பொறியியல் கலந்தாய்வுப் பதிவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஓடும். அந்த நேரத்தில் சான்றிதழுக்கு ஓடினால் இ-சேவை மையங்களில் கூட்டம் நெரியும். பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள்.

சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேசை மேசையாக நகர்ந்து வர வேண்டியிருப்பதால் இரண்டு மூன்று வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் அதை மிகவும் முன்கூட்டி வாங்கிவிட வேண்டாம். 8 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்தவருக்குப் பொறியியல் கலந்தாய்வில் இருப்பிடச் சான்றிதழ் தேவைப்படாது. இடையில் வெளிமாநிலத்தில் படித்தவர் கட்டாயம் வாங்க வேண்டும்.

அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும் கட்டினோம். பட்டியலினத்தாருக்கும் பழங்குடியினருக்கும் அந்த 2 ரூபாய் மட்டும்தான். ஏற்காட்டு மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பொறியியல் கலந்தாய்வுப் பதிவுக்குப் பொதுவாக 500 ரூபாய், பட்டியலின, பழங்குடி மாணவருக்கு 250 ரூபாய்.

இளம் வயதில் சேரும் பிள்ளைக்கென்றே உள்ள ஒரு சிக்கல் ஆதார். 15 வயது ஆனதும் கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் புதுப்பிக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் இதைப் பத்தாம் வகுப்பிலோ பதினொன்றாம் வகுப்பிலோ முடித்திருப்பார்கள்; நம் பிள்ளைகளுக்கு 15 வயது ஆவதே பிளஸ் டூ படிக்கும்போதுதான். புதுப்பிக்காத ஆதாரோடு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் கைரேகை பொருந்தாமல் நின்றுவிடும். பிறந்த நாள் முடிந்த அடுத்த வாரமே ஆதார் மையத்துக்குப் போய்விடுங்கள். அதோடு, பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்து அது ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அம்மாவின் கணக்கு எண்ணைக் கொடுத்தால் உதவித்தொகை வராது.

6. பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்

நாங்கள் முதலில் போனது சேலத்தில் இல்லை. வெளியூரில் ஒரு தனியார் கல்லூரியில் மகளின் மதிப்பெண்ணைப் பார்த்ததும் உற்சாகமாக இடம் தந்து, 10,000 ரூபாய் முன்பணமும் வாங்கிக்கொண்டார்கள். மூலச் சான்றிதழ் சரிபார்க்கும் நாளில்தான் பிறந்த தேதியைப் பார்த்து, தங்கள் பல்கலைக்கழக விதிப்படி வயது போதாது என்றார்கள். அந்தப் பணம் திரும்பி வர நான்கு மாதம் ஆனது. அதைவிடக் கொடுமை, அதற்குள் உள்ளூர் அரசுக் கல்லூரியின் முதல் கட்டக் கலந்தாய்வு முடிந்துபோனதுதான்.

ஆகவே சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பிறந்த தேதியைக் குறிப்பிட்டு, இந்தப் பாடப்பிரிவுக்குக் குறைந்தபட்ச வயது உண்டா, விடுதியில் 18 வயதுக்குக் குறைந்தவரைச் சேர்ப்பீர்களா, வயது காரணமாக இடம் மறுக்கப்பட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். வாய்மொழியாக, "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்வதை நம்பி ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரியிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி. கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

7. பிள்ளை தயாரா என்பதை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். பள்ளியில் முதலிடம் வாங்கும் பிள்ளைக்குப் பின்னால் நேரம் சொல்லி எழுப்பும் அம்மாவும், வீட்டுப்பாடம் கேட்கும் ஆசிரியரும் இருக்கிறார்கள். கல்லூரியில் அந்த இரண்டும் ஒரே நாளில் நின்றுவிடும்.

நான் சொல்லும் சோதனை இதுதான். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களில் பிள்ளைக்குப் பிடித்த ஒன்றை, 8 வாரமோ 12 வாரமோ, பதினொன்றாம் வகுப்பு விடுமுறையை ஒட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். படிக்கக் கட்டணம் கிடையாது. சான்றிதழ்த் தேர்வு எழுத விரும்பினால் மட்டும் 1,000 ரூபாய். வாரந்தோறும் ஒப்படைப்பு இருக்கும், கடைசித் தேதியும் இருக்கும். நீங்கள் ஒருமுறைகூட நினைவூட்டாதீர்கள். 12 வாரமும் தானாக முடித்தால் படிப்பைப் பொறுத்தவரை கவலையில்லை. ஆறாவது வாரத்தில் விட்டுவிட்டால் அது அறிவுக்குறை அல்ல, வயதின் இயல்பு. இன்னும் ஓராண்டு பள்ளியிலேயே இருக்கட்டும்.

படிப்பைத் தவிர இன்னொன்றும் உண்டு. தெரியாத பெரியவரிடம் போய்த் தனக்கு வேண்டியதைக் கேட்கத் தெரிகிறதா என்று பாருங்கள். வங்கியில் பணம் கட்டுவது, பேருந்து நிலையத்தில் விவரம் கேட்பது, விருப்பமில்லாத ஒன்றை முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்வது ஆகியவற்றைப் பழக்குங்கள். மூன்றாவது மிகவும் முக்கியம். வகுப்பில் கூட இருப்பவர்களுக்கு 17, 18 வயது. மூத்த மாணவர்களுக்கு 20-ஐத் தாண்டியிருக்கும். சட்டப்படி உங்கள் பிள்ளை இன்னும் குழந்தை. தொடுதல், காதல், மது, கைபேசியில் படம் அனுப்புவது பற்றியெல்லாம் வாய் கூசாமல் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ராகிங் பற்றிப் புகார் சொல்ல 1800-180-5522 என்ற எண்ணையும், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் பிள்ளையின் கைபேசியில் நீங்களே பதிந்து கொடுங்கள்.

8. போக்குவரத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்

15 வயதுப் பிள்ளை ஸ்கூட்டர் ஓட்ட முடியாது. 50 சி.சி.க்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டிக்கே 16 வயது வேண்டும். நாம் தினமும் பார்க்கும் ஸ்கூட்டர்களுக்கு 18. கோரிமேட்டிலும் அஸ்தம்பட்டியிலும் எத்தனையோ பிள்ளைகள் ஓட்டுகிறார்கள் என்பது வேறு. பிடிபட்டால் வண்டியின் உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் சிறையும் வரை சட்டம் இருக்கிறது. ஆகவே பேருந்தை வைத்துத்தான் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மகளிருக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லாதது பெரிய உதவி. கருப்பூர்ப் பக்கம் உள்ள அரசுப் பொறியியல் கல்லூரிக்கோ பெரியார் பல்கலைக்கழகத்துக்கோ போகிறவர்கள், வீட்டிலிருந்து ஒரு முறை மாறினால் போதுமா, இரண்டு முறை மாற வேண்டுமா என்று பிள்ளையோடு காலை 8 மணிக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள்.

ஏற்காட்டிலிருந்து தினமும் இறங்கி வரலாம் என்று நினைப்பவர்களிடம் நான் வேண்டாம் என்றே சொல்வேன். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கடந்து, ஆய்வக நாட்களில் இருட்டிய பிறகு மலையேறும் 15 வயதுப் பிள்ளைக்குப் படிக்கத் தெம்பு இருக்காது. மழைக்காலத்தில் பாதையே நிச்சயமில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அடிவாரத்திலோ நகருக்குள்ளோ உறவினர் வீடு இருந்தால் முதலாண்டுக்கு அங்கே இருப்பதுதான் நல்லது. விடுதி என்றால், நான் விசாரித்த மூன்று தனியார் விடுதிகளில் இரண்டு, 18 ஆகாத பெண்ணைத் தனியாகச் சேர்க்க மறுத்தன. ஒன்று மட்டும் உள்ளூர்ப் பாதுகாவலர் ஒருவரின் கையெழுத்தோடு ஒப்புக்கொண்டது.

9. முதல் பருவம்

சேர்க்கையின்போது ராகிங் தடுப்பு உறுதிமொழிப் படிவத்தில் மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். அன்றே துறைத் தலைவரையும் வகுப்பு ஆலோசகரையும் பார்த்து வயதைச் சொல்லிவிடுங்கள். மற்ற மாணவர்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். தொழிற்சாலைப் பார்வை, வெளியூர்க் கருத்தரங்கு, பயிற்சிப் பணி ஆகியவற்றில் 18 ஆகாதவருக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்பார்கள். சில நிறுவனங்கள் எடுக்கவே மாட்டா. கல்விக் கடனுக்கும் பெற்றோரின் கையெழுத்துதான் செல்லும்.

படிப்பில் என் மகளுக்கு ஒரு தொல்லையும் வரவில்லை. முதல் மூன்று வாரம் அவளுடைய சாப்பாட்டு டப்பா திறந்த மாதிரியே இல்லாமல் திரும்பி வந்தது. காலையில் நான் தாளித்துப் போட்ட எலுமிச்சைச் சோறு மாலையில் ஓரம் காய்ந்து, மேலே வைத்த அப்பளம் நமத்துப்போய், அப்படியே இருக்கும். பசிக்கவில்லை என்பாள். நான்காவது வாரம் கோரிமேடு நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருந்தபோதுதான் சொன்னாள்: வகுப்பில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவது எதுவும் தனக்குப் புரிவதில்லை என்றும், தான் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது என்றும், அதனால் அந்த முக்கால் மணி நேரத்தை நூலகத்தில் கழிப்பதாகவும். கணக்கில் அவளுக்கு நிகர் இல்லை என்று எல்லோரும் சொன்ன அந்த மாதத்தில் என் பிள்ளை தினமும் பட்டினியாக இருந்திருக்கிறாள்.

நாங்கள் செய்தது இரண்டு. ஆலோசகர் ஆசிரியையிடம் போய்ச் சொன்னோம். அவர் அதை வகுப்பில் பேசாமல், கணித மன்றத்தின் அறிவிப்புப் பலகைப் பொறுப்பில் இவளையும் இன்னொரு மாணவியையும் சேர்த்து அமர்த்தினார். அந்த மாணவிதான் இன்றுவரை நெருங்கிய தோழி. அதோடு, பழைய பள்ளித் தோழிகளைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு அழைத்தோம். வயதொத்த துணை வெளியே இருந்தால் வகுப்பில் இல்லாத குறை பாதியாகக் குறைகிறது. நீங்கள் டப்பாவைத் தினமும் நீங்களே திறந்து கழுவுங்கள்.

இரண்டாம் பருவத்திலிருந்து நல்லவையும் வந்தன. முதுகலை மாணவர்களின் கருத்தரங்கில் பின்வரிசையில் உட்கார அனுமதி கிடைத்தது. பள்ளியில் ஆண்டுக்கணக்கில் சலித்துக் கிடந்த பிள்ளை, விடை தெரியாத கணக்கோடு வீட்டுக்கு வந்து இரவு பதினொரு மணிக்கு அதைப் பற்றி என்னிடம் பேசினாள். எனக்குப் புரியாவிட்டாலும் உட்கார்ந்து கேட்டேன். திரும்ப ஒரு வாய்ப்பு வந்தால் நான்காம் வகுப்பைத் தாண்ட விட்டிருக்க மாட்டேன். ஆனால் 15 வயதில் பிளஸ் டூ முடித்துவிட்ட பிள்ளையை வீட்டில் சும்மா உட்கார வைத்திருக்கவும் மாட்டேன்.

10. காத்திருப்பது என்று முடிவு செய்தால்

காத்திருக்கும் ஆண்டுக்கும் திட்டம் வேண்டும். பிளஸ் டூவுக்கு முன்பே முடிவு செய்தால், பள்ளியில் இருந்துகொண்டே இணையப் பாடங்கள், கணித, அறிவியல் ஒலிம்பியாட் தேர்வுகள் என்று அகலமாகப் படிக்கலாம். சென்னை ஐ.ஐ.டி. இணைய வழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்புக்குப் பதினொன்றாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்களே தகுதிச் சுற்றில் கலந்துகொண்டு, பிளஸ் டூ முடித்ததும் சேர முடியும்.

பிளஸ் டூ முடித்த பிறகு காத்திருப்பதென்றால், மாற்றுச் சான்றிதழையும் நன்னடத்தைச் சான்றிதழையும் அந்த ஆண்டே பள்ளியிலிருந்து வாங்கிவிடுங்கள். ஓராண்டு கழித்துப் போனால் நடையாய் நடக்க வேண்டும். அடுத்த ஆண்டு சேர்க்கையில் இடைவெளிக்குக் காரணம் கேட்டு உறுதிமொழிக் கடிதம் வாங்கும் கல்லூரிகள் உண்டு என்பதால், அந்த ஆண்டில் முடித்த பாடங்களின் சான்றிதழ்களைத் தேதி வாரியாக ஒரு கோப்பில் வையுங்கள். வருமானச் சான்றிதழை மட்டும் அடுத்த மார்ச்சில் புதிதாக எடுக்க வேண்டும்.